குளியல் தொட்டியில் கிரீடம்

அன்புள்ள தோழி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. திட்டாதே. கண்புரை ஆபரேஷன் முடிந்து, இப்போதுதான் படிக்க எழுத டாக்டர் அனுமதித்திருக்கிறார். சொட்டு மருந்து இன்னும் நாலு வேளை. நேரம் போகட்டும் என்று மகள் டேப்லெட்டில் பழைய படங்களைப் பெரிதாக்கிக் காட்டினாள். எல்லாம் இளவரசி மார்கரெட்டின் போட்டோக்கள். எலிசபெத் ராணியின் தங்கை. டயானாவுக்கு வெகு முன்பே கேமரா துரத்திய பெண் இவள்.

1951-இல், இருபத்தோராவது பிறந்தநாளுக்கு போட்டோகிராபர் செசில் பீட்டன் எடுத்த படம் உனக்கு ஞாபகம் இருக்கலாம். டியோர் என்ற பாரிஸ் டிசைனரின் கவுன், அதன் பாவாடை சோபா முழுக்கப் பரந்து கிடக்கும், நடுவில் பொம்மை மாதிரி இவள். அழகுதான். ஆனால் ஒரு விரல்கூடத் தானாக அசைந்ததாகத் தெரியவில்லை.

அப்புறம் டவுன்செண்ட் விவகாரம். அவள் காதலித்த விமானப்படை அதிகாரி அவர். அவளைவிட 16 வயது மூத்தவர், விவாகரத்தானவர். 1953-இல் அக்காவின் முடிசூட்டு விழாவன்று அவருடைய சீருடையில் ஒட்டியிருந்த தூசியை இவள் தட்டிவிட்டாளாம். நிருபர்கள் கண்ணில் பட்டுவிட்டது, அவ்வளவுதான். 1955 அக்டோபர் 31-ஆம் தேதி, அவரை மணக்கப்போவதில்லை என்று அறிக்கை விட்டாள். நம் ஊரில் திண்ணையில் உட்கார்ந்து நாலு பேர் பேசுவதை அங்கே பத்திரிகையில் அச்சடித்தே விற்றார்கள்.

ஐந்து வருஷம் கழித்து அவள் கட்டிக்கொண்டது யாரை? ஒரு போட்டோகிராபரை! ஆண்டனி ஆம்ஸ்ட்ராங் ஜோன்ஸ். 1960 மே 6, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த அந்தக் கல்யாணம்தான் டெலிவிஷனில் காட்டிய முதல் அரச கல்யாணம். அன்று தலையில் வைத்திருந்த வைரக் கிரீடம் பாட்டி வழியில் வந்தது இல்லை, முந்தின வருஷம் ஏலத்தில் வாங்கியது.

நான் உனக்கு எழுத உட்கார்ந்ததே அந்தக் கிரீடத்துக்காகத்தான். 1962-இல் கணவர் எடுத்த படம் ஒன்று. குளியல் தொட்டிக்குள் இருக்கிறாள், தோளில் துணியில்லை, தலையில் அதே கிரீடம், முகம் நிறையச் சிரிப்பு. மகளை நகர்த்தவிடாமல் வெகுநேரம் அதையே பார்த்தேன். பீட்டனுக்குக் காட்டாத முகம் அது. உலகத்துக்காக இல்லை, கேமராவுக்குப் பின்னால் நின்ற ஒருவருக்காகச் சிரித்தது. அந்தப் படம் வெளியே வந்தபோது அவள் உயிரோடு இல்லை. கிரீடமும் இப்போது குடும்பத்தில் இல்லை. 2006-இல் பிள்ளைகள் ஏலத்தில் விற்றுவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பும் நிலைக்கவில்லை. 1976-இல், கரீபியன் கடலில் இருக்கும் மஸ்டீக் தீவில் ரோடி லெவலின் என்ற இளைஞரோடு மேஜையில் உட்கார்ந்திருந்த படத்தை ஒரு பத்திரிகை போட்டது. கூட இருந்தவர்களை வெட்டிவிட்டு, இவர்கள் இருவரை மட்டும்! அடுத்த மாதமே கணவன் மனைவி பிரிவு அறிவிப்பு, 1978-இல் விவாகரத்து. எனக்கென்னவோ கத்தரி வைத்தவன் மேல்தான் கோபம்.

சரி, ஒன்று கேட்க வேண்டும். நம் ஹாஸ்டல் மொட்டை மாடியில், தலைக்குக் குளித்துவிட்டு நீயும் நானும் ஈரக்கூந்தலோடு சிரிக்கிற போட்டோ உன்னிடம்தானே இருக்கிறது? என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நான் அப்படிச் சிரிக்கவில்லை. அதை எடுத்தது யாரென்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. போட்டோவைத் தபாலில் அனுப்பாதே, வரும்போது கையோடு கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்