காணாமல் போன நான்கு பக்கங்கள்: நூல் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூல் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம்.

சென்ற மாத இருப்புச் சரிபார்ப்பின்போது எங்கள் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு நாவலை நீக்கச் சொன்னீர்கள். நீக்கிவிட்டேன். அதே நாவலின் புதிய படி ஒன்றை வாங்க அனுமதி கேட்டு எழுதினேன். 'பரிந்துரைக்க இயலாது, பொழுதுபோக்கு வகை' என்று ஒரே வரியில் பதில் வந்தது. என் முந்தைய மூன்று கடிதங்களும் உங்கள் கோப்பில் இருக்கும் என்பதால் பழைய கதையை மறுபடி விரிக்கப்போவதில்லை. நான் கேட்பது இதுதான்: அந்தப் புத்தகத்தைத் திரும்ப வாங்க அனுமதியுங்கள், அடுத்த பட்டியலிலாவது பதின்பருவத்தினருக்கான நகைச்சுவை நாவல்களுக்கு இடம் கொடுங்கள். தனிக் கடிதங்களுக்கு ஒரு வரிக்கு மேல் பதில் கிடைக்காததால் இம்முறை ஊரறிய எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டும்.

எந்தப் புத்தகம் என்று உங்களுக்கு நினைவிருக்கலாம். முன்னட்டை போய், முதுகில் துணிப்பட்டை ஒட்டியிருந்தது. பதினான்கு வயதுப் பையன் ஒருவனின் கதை. ஆண்டு விழாவில் வரவேற்புரை ஆற்ற அவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அன்றைக்கென்று பார்த்து அவனுக்கு மகரக்கட்டு உடைந்துவிடுகிறது. ஒரு சொல் கட்டைக்குரலில் வருகிறது, அடுத்த சொல் கீச்சென்று கிளம்புகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாமல் அவன் செய்துகொள்ளும் வைத்தியங்களிலேயே பாதி நாவல் போய்விடும். 86-ஆம் பக்கத்தின் கடைசி வரியில் மேடையேறி ஒலிபெருக்கியின் முன்னால் நிற்கிறான். எதிர்ப்பக்கத்தைப் பார்த்தால் 91. அதில் அவன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். இடையில் இருந்த இரண்டு தாள்கள் எப்போதோ உதிர்ந்து எங்கோ போய்விட்டன.

மேடையில் என்ன நடந்தது? இரண்டு ஆண்டுகளாக எங்கள் நூலகத்தில் இதைவிடச் சூடாக விவாதிக்கப்பட்ட இலக்கியக் கேள்வி வேறு கிடையாது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிற ஒவ்வொருவரும் ஒரு விளக்கத்தோடு வருவார்கள். மயங்கி விழுந்துவிட்டான் என்றாள் ஒரு மாணவி. அப்படி விழுந்திருந்தால் 91-ஆம் பக்கத்தில் சட்டை கசங்கியிருக்க வேண்டுமே, மடித்துத்தானே வைக்கிறான் என்று இன்னொருத்தி மறுத்தாள். மூலபாட ஆய்வு என்று நாம் பெரிய பெயர் வைத்திருக்கிறோமே, அதை இந்தப் பிள்ளைகள் மதிய இடைவேளையில் செய்துகொண்டிருந்தார்கள். இருந்தது ஒரே படி. முன்பதிவுக்காக நான் வைத்திருந்த நோட்டில் வரிசை அடுத்த கல்வியாண்டு வரை நீண்டிருந்தது.

அப்போது ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். அந்த ஆண்டு அவனுக்கும் அதே பிரச்சினை. வருகைப்பதிவின்போது 'உள்ளேன்' என்று சொல்லாமல் கையை மட்டும் தூக்குவான் என்று அவன் வகுப்பு ஆசிரியர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். நூலகத்திலும் பேச்சே கிடையாது. வேண்டிய புத்தகத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்துவிட்டு நிற்பான். இந்த நாவலை எடுத்துப்போனவன் தவணை தாண்டி ஒன்பது நாள் கழித்துத்தான் கொண்டுவந்தான். திறந்து பார்த்தேன். 86-க்கும் 91-க்கும் நடுவில் கோடு போட்ட தாளில் நீல மையால் எழுதிய நான்கு பக்கங்கள். புத்தகத்தின் அளவுக்குக் கத்தரித்து, மேல் மூலையில் 87, 88, 89, 90 என்று அச்செழுத்தைப் பார்த்து வரைந்து ஒட்டியிருந்தான். பசை கூடிப்போனதால் 88-உம் 89-உம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இடையில் அடிக்கோலை விட்டு மெல்லப் பிரித்துத்தான் படிக்க வேண்டும்.

அவன் எழுதியதில் பையன் பேசுகிறான். 'பெரியோர்களே' வரை கட்டைக்குரல். 'தாய்மார்களே' என்னும்போது கீச். அரங்கமே சிரிக்கிறது. அவன் நிறுத்திவிட்டு மறுபடியும் 'தாய்மார்களே' என்கிறான். இப்போது இரண்டு குரலும் சேர்ந்து வருகின்றன. அவனுக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. அவன் சிரிப்பு எந்தக் குரலில் வந்தது என்று முன்வரிசையில் இரண்டு ஆசிரியர்கள் வாதம் செய்வதோடு 90-ஆம் பக்கம் முடிகிறது.

பின்னாளில் வேறொரு நூலகத்தில் அதே நாவலின் முழுப் படி எனக்குக் கிடைத்தது. நூலாசிரியர் எழுதியது இதுதான்: பையன் வாயைத் திறக்கும் நேரத்தில் மின்சாரம் போய்விடுகிறது, அவன் பேசியது யார் காதிலும் விழவில்லை. பிள்ளைகளிடம் வந்து சொன்னேன். 'தப்பித்துக்கொண்டார்' என்றாள் அந்தச் சட்டைக்காரி. பையனைச் சொல்கிறாளோ என்று நினைத்தேன், நூலாசிரியரைச் சொன்னாள்.

இந்தப் புத்தகத்தைத்தான் உங்கள் உறுப்பினர் ஒருவர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். கையெழுத்துப் பக்கங்களைக் கண்டதும் 'நூலகச் சொத்தில் கிறுக்கல்' என்றார். பதிவேட்டில் 'சிதைவு: நீக்குக' என்று எழுதிக் கையொப்பமிட்டார். அதே நாளில், அடுத்த அலமாரியில் கண்ணாடித்தாள் உறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்த மாமனிதர் வரலாற்று வரிசையைப் பார்த்து 'நன்கு பராமரிக்கப்பட்டுள்ளது' என்று எழுதினார். அந்தப் பாராட்டை நான் மறுக்கவில்லை. யாரும் தொடாத பொருளைப் பராமரிப்பது எளிது.

படித்துப் படித்துக் கிழிந்த புத்தகம், கிழிந்ததால் நீக்கப்பட்டது. பட்டியலில் இல்லாததால் திரும்ப வாங்க முடியாது. பொழுதுபோக்கு என்பதால் பட்டியலில் வராது. இந்த வட்டத்தில் எங்காவது ஒரு சிறு வாசல் வைத்திருக்கிறீர்களா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

வாங்கலாம் என்று நீங்கள் அனுப்பிய பட்டியலில் இளையோர் நாவல்கள் இருக்கின்றன. இல்லையென்று சொன்னால் பாவம். ஒன்றில் தாத்தா இறக்கிறார். இன்னொன்றில் நாய் இறக்கிறது. மூன்றாவதில் இருவரும். நல்ல நாவல்கள்தாம், நானும் கண்கலங்கியிருக்கிறேன். ஆனால் பதிமூன்று வயதிலிருந்து பத்தொன்பது வயதுவரை ஒருவருக்கு நேர்வதெல்லாம் சாவு மட்டும்தானா? முகத்தில் பரு வருகிறது. சட்டைக் கை ஒரே மாதத்தில் குட்டையாகிறது. அறைக்குள் தன்னந்தனியாக ஒத்திகை பார்த்த ஒரு வாக்கியம், சொல்ல வேண்டியவரின் எதிரில் நிற்கும்போது வேறு வாக்கியமாக வெளியே வந்து விழுகிறது. இவற்றை எழுத நகைச்சுவையை விட்டால் வேறு என்ன கருவி இருக்கிறது?

'சிரிக்கவும் சிந்திக்கவும்' என்று ஒரு தொடரை நாம் எல்லோரும் கைவசம் வைத்திருக்கிறோம். மேடையிலும் மதிப்புரையிலும் பின்னட்டையிலும் அதுதான். வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே அனுப்பாமல் கூட ஒரு பெரியவரை அனுப்புவதுபோல, சிரிப்பை நாம் தனியே வெளியே விடுவதில்லை. சிந்தனை துணைக்குப் போயே ஆக வேண்டும். பரிசுக் குழுக்களிடமும் இதே பழக்கம்தான். உள்ளே சிரித்துப் படித்துவிட்டு, வெளியே வந்து அழவைத்த புத்தகத்துக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். இது எல்லா நாட்டிலும் உள்ள நோய்தான் போலும். பிரிட்டனில் கவிஞர் மைக்கேல் ரோசனின் முயற்சியால் 2008-இல் சிறார் நகைச்சுவை நூல்களுக்கென்றே சிறுவர் எழுத்தாளர் ரோல்ட் தால் பெயரில் தனிப் பரிசு தொடங்கினார்கள். பொதுவான பரிசுகளில் அவற்றுக்கு இடமே கிடைப்பதில்லை என்பதுதான் காரணம். 2013-க்குப் பிறகு அதுவும் நின்றுவிட்டது.

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். உங்கள் குழுவில் தமிழறிந்தவர்கள் பலர் இருப்பதால் ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, வரிசைப்படுத்தும்போது அழுகையையும் பெருமிதத்தையும் பின்னால் நிறுத்திவிட்டு நகையைத்தான் முதலில் வைக்கிறது. அந்த நகை எங்கிருந்து பிறக்கும் என்று நான்கு நிலைக்களன்களையும் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நான்கில் ஒன்று இளமை! வளர்கிற வயதே சிரிப்பின் ஊற்று என்று இலக்கணத்தில் எழுதிவைத்த மொழியில், வளர்கிற வயதைப் பற்றிய சிரிப்புக் கதைக்கு 'பாடப்பயன் இல்லை' என்று குறிப்பு எழுதுகிறோம். அதற்கு உரை எழுதிய, பேராசிரியர் என்றே பெயர் வழங்கும் பழைய உரையாசிரியர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். எள்ளல் என்பது பிறரை எள்ளி நாம் சிரிப்பது மட்டுமில்லை, பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பதும்தான் என்கிறார். எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவன் பேராசிரியர் உரையைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் 89-ஆம் பக்கத்தில் அதைத்தான் எழுதியிருந்தான்.

பாடப்பயன்தான் வேண்டுமென்றால் அதையும் சொல்கிறேன். 1982-இல் ஆங்கிலத்தில் சூ டவுன்சென்ட் எழுதி வெளிவந்த, பதிமூன்றே முக்கால் வயதுப் பையன் ஏட்ரியன் மோலின் நாட்குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 'முக்கால்' ஒன்றே போதும். அந்த வயதில் கால் ஆண்டு எவ்வளவு பெரிய சொத்து என்பது அதில் இருக்கிறது. தன்னைப் பெரிய அறிவுஜீவியாக நினைத்துக்கொண்டு, பருவைப் பற்றிய கவலையோடு நாள் தவறாமல் எழுதுகிறான். பெற்றோரின் மணவாழ்க்கை விரிசல் விடுவதையும் அவனே எழுதிவைக்கிறான். அது விரிசல் என்பது படிக்கிற பிள்ளைக்கு முதலில் தெரிகிறது, அவனுக்குக் கடைசியில்தான் தெரிகிறது. கதைசொல்லி சொல்வதை அப்படியே நம்பாமல், அவன் சொல்லாமல் விட்டதைப் படிக்கும் பயிற்சி இது. கட்டுரைப் பாடத்தில் ஓர் ஆண்டு முழுக்கச் சொல்லிக் கொடுத்தும் வராத பயிற்சி, சிரிப்பு வந்த இடத்தில் தானாக வந்துவிடுகிறது. புரியாதவருக்குச் சிரிப்பு வராது. இதைவிடக் கறாரான தேர்வு உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

தரம் பற்றிய உங்கள் கவலையும் புதிதன்று. 1885-இல் அமெரிக்காவின் கான்கார்ட் நகரப் பொது நூலகக் குழு, மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் நாவலைக் குப்பை என்று சொல்லி விலக்கிவைத்தது. ட்வைன் வருந்தவில்லை, இதனால் இன்னும் 25,000 படிகள் விற்கும் என்று தம் பதிப்பகத்துக்கு எழுதினார். எங்கள் புத்தகத்துக்கு அந்த யோகமும் இல்லை. விலக்கப்பட்ட செய்தி பள்ளியின் வாசலைக்கூடத் தாண்டவில்லை. மறுபக்கம், லூயீஸ் ரெனிசன் எழுதிய பதினான்கு வயதுப் பெண்ணின் கேலியும் கும்மாளமுமான நாட்குறிப்பு நாவலுக்கு 2001-இல் இளையோர் நூல்களுக்காக அமெரிக்க நூலகச் சங்கம் வழங்கும் பிரிண்ட்ஸ் விருதில் சிறப்புத் தகுதி கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் நூலகர்கள். அவர்களுடைய அலமாரிகள் இடிந்து விழுந்ததாகத் தகவல் இல்லை.

எல்லா நகைச்சுவை நாவலும் நல்லது என்று நான் வாதாட வரவில்லை. குண்டானவரையும் திக்கிப் பேசுபவரையும் காட்டிச் சிரிக்கச் சொல்லும் புத்தகங்களை நானே அலமாரியிலிருந்து எடுத்திருக்கிறேன். அப்படிப் பிரித்துப் பார்ப்பதுதானே தேர்வு? மொத்தமாக ஒரு வகையையே கோடு போட்டு அடிப்பதற்குக் குழு எதற்கு, ஓர் அடிக்கோல் போதுமே!

கோபத்தில் எழுதிவிட்டேன், அடித்துவிடலாமா என்று யோசித்து, அப்படியே விடுகிறேன். பணிவாகவே மறுபடி கேட்கிறேன். அந்த நாவலின் ஒரு படி, முடிந்தால் இரண்டு, வாங்க அனுமதியுங்கள். அடுத்த பட்டியலில் நகைச்சுவை நாவல்களுக்கு இடம் ஒதுக்குங்கள். எதைச் சேர்ப்பது என்ற ஐயம் வந்தால், உங்கள் கூட்டத்துக்குப் பதினான்கு வயதுக்காரர் ஒருவரை அழைத்து ஒரு நாற்காலி போடுங்கள். அவர் கையை மட்டும் தூக்கினாலும் போதும்.

கடைசியாக ஒரு நடைமுறை ஐயம். நீக்கப்பட்ட நூல்களைக் கட்டி அனுப்பும் முன் அந்த நான்கு பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். எழுதியவன் இப்போது பதினோராம் வகுப்பு, குரல் சரியாகிவிட்டது. போன வாரம் வந்து, அவை தனக்கு வேண்டும் என்று கேட்டான். நூலகச் சொத்தில் எழுதிய கிறுக்கல் என்று உங்கள் குறிப்பு இருப்பதால், அவை நூலகச் சொத்தா, அவன் சொத்தா என்பது எனக்கு விளங்கவில்லை. எந்தப் பதிவேட்டில், எந்த எண்ணில் ஏற்றுவது என்று தெரிவித்தால் நலம். பதில் ஒரு வரியில் இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஒரு பள்ளி நூலகர்