பத்து அடி வந்துவிட்டது, கை வரவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பறைப் பயிற்சி முகாம்கள் பெருகிவருவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். இரண்டு நாளில் பத்து அடி, அதாவது பத்துத் தாள வகை, கற்றுக்கொடுத்து மூன்றாம் நாள் மேடையேற்றியதைப் பாராட்டியும் இருந்தீர்கள். பறையைத் தொடத் தயங்கிய வீட்டுப் பிள்ளைகள் அதைத் தோளில் மாட்டி நிற்பது பெரிய விஷயம்தான். ஆனால் எந்த ஊர் முகாமில் கற்றவர் அடித்தாலும் ஒரே மாதிரி இருக்கிறதே, ஏன்? பழைய குழுக்களில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது இன்னார் கை என்று சொல்லிவிடலாம். அந்தக் கை வருவதற்கென்று தனியாகப் பட்டறை வேண்டும்.

குச்சியிலேயே கோளாறு தொடங்குகிறது. பறை அடிக்கும் இரண்டு குச்சிகளில், தடித்த அடிக்குச்சி பூவரசங்கம்பில் 18 செ.மீ. அளவும், மெல்லிய சிம்புக்குச்சி மூங்கிலில் 28 செ.மீ. அளவும் இருப்பது வழக்கம். முகாமில் எல்லோருக்கும் ஒரே அளவில் சீவிய கட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். பூவரசங்கம்பை 16, 18, 20 செ.மீ. என்று மூன்றாக நறுக்கி, ஒரே அடியை மூன்றிலும் அரை மணி நேரம் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கனமான குச்சியில் நடுத்தோலின் ஒலி நிறைந்து வரும், வேகமாக அடிக்கும் உருட்டு தாமதப்படும். இலேசானது சட்டென்று எம்பித் திரும்பும், ஒலியில் சதை இருக்காது. சிம்பைத் தடிமனாக விட்டால் அடிக்குச்சியின் ஒலியை விழுங்கிவிடும். எது தன் மணிக்கட்டுக்குப் பொருந்துகிறது என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

காய்ச்சுவதும் அப்படித்தான். உதவியாள் ஒருவர் எல்லாப் பறையையும் தீயில் காட்டி வாங்கிக் கொடுத்தால், கற்பவருக்குத் தன் பறையின் குரலே தெரியாது. காய்ந்த ஓலையைக் கொளுத்தி, தோலை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, சுழற்றிக்கொண்டே விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். 'தொப்'பென்றது 'டங்'கென்று மாறும். அதற்குச் சற்று முன்பே எடுத்துவிடுபவர்கள் உண்டு, அவர்கள் வாசிப்பில் ஒரு கனம் இருக்கும். பேராசைப்பட்டுக் காய்ச்சினால் ஓரத்தில் தோலை ஒட்டியிருக்கும் புளியங்கொட்டைப் பசை விடும், தோலும் கிழியும். போல்ட் முடுக்கும் ஃபைபர் பறை மழைக்காலத்துக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் அது எங்கே அடித்தாலும் கணீரென்றே பேசும். இந்தப் பட்டறைக்கு வேப்பஞ்சட்டமும் தோலும்தான் வேண்டும்.

பறையில் அடிப்படை ஒலிகள் மூன்றே: அடிக்குச்சி மட்டும், சிம்பு மட்டும், இரண்டும் சேர்ந்து. சாமியாட்டமோ சாவோ எந்த அடியும் இவற்றின் வரிசைதான். எனவே பத்து அடியை விட்டுவிட்டு ஒன்றை எடுங்கள். கேலிக்கென்று சினிமா தூக்கிப்போட்ட 'டண்டணக்க'வே போதும். முதலில் வாயால் சொல்லட்டும். 'டண்'ணில் விழும் அழுத்தத்தை அடுத்த சுற்றில் 'ணக்'கில் வைக்கட்டும். பிறகு ஒரு தட்டை விழுங்கி, அந்த இடத்தில் காலை மட்டும் வைக்கட்டும். மையத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி அடித்துப் பார்க்கட்டும். ஒரு முழு நாள் இதற்கே போய்விடும். போகட்டும்.

எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். கூட்டமாக அடிக்கும்போது தப்பும் மறையும், தனித்தன்மையும் மறையும். ஒருவர் ஒத்தையடி என்னும் எளிய அடியை நிதானமாகப் பிடிக்க, இன்னொருவர் மூன்று நிமிடம் தனியாக வாசிக்கட்டும். கைப்பேசியில் பதிவுசெய்து மறுநாள் காலையில் கேளுங்கள். அநேகமாக எல்லோரும் ஒரு நிமிடத்துக்குள் வேகம் கூட்டியிருப்பார்கள். இடைவெளி விழுந்தால் மறந்துவிட்டதாக நினைப்பார்களோ என்ற பயம்தான் காரணம். வேகம் கூடியதும் முழங்கை இறுகி, மணிக்கட்டு வேலை நின்றுபோகும். அங்கிருந்து எல்லார் கையும் ஒன்றாகிவிடுகிறது.

ஆசான்கள் செய்யும் தவறும் உண்டு. மாணவர் தடுமாறியதும் பறையை வாங்கி 'இப்படி' என்று அடித்துக் காட்டிவிடுகிறோம். எட்டுப் பேரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். பிற்பகல் முழுவதும் ஆசான் பறையைத் தொடாமல் கேள்வி மட்டும் கேட்பது நல்லது. அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்ததில் பறையடிக்கும் எல்லோருக்கும் பெருமை. அதற்காக மதுரை அடியே எல்லா மாவட்டத்துக்கும் பாடமாக வேண்டியதில்லை. உள்ளூர்ச் சாவு வீட்டில் அடிக்கும் பெரியவர்கள் இரண்டு பேரை, வேறு வேறு ஊரிலிருந்து, உரிய சம்பளம் கொடுத்து அழைத்து, ஒரே அடியை அடிக்கச் சொல்லிக் கேட்கலாம். சான்றிதழ் அச்சடிக்கும் செலவு அதற்கு ஆகட்டும்.

அடுத்த முகாமைப் பற்றி எழுதும்போது எத்தனை பேர் எத்தனை அடி கற்றார்கள் என்பதோடு, யாரையாவது தனியாக வாசிக்கவிட்டார்களா என்றும் விசாரித்து எழுதுங்கள்.

– பறைப் பயிற்றுநர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்