புழல் வாசலிலிருந்து வாடகை வீடு வரை: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

சிறையிலிருந்து விடுதலையாகி வருபவர்களுக்குச் சென்னையில் வீடு பிடித்துக் கொடுக்கும் வேலையில் கூட நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

முதல் நன்றி சிறை நல அலுவலர்களுக்கு. தண்டனை முடியும் தேதியை ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுகிறீர்கள். வீடு தேட அவகாசம் கிடைக்கிறது. ஜாமீனில் வருபவர்கள் கதை வேறு. உத்தரவு சாயங்காலம் வந்து சேர்ந்தால், ஆள் வெளியே வரும்போது இருட்டியிருக்கும். கையில் ஒரு துணிப்பை, உயிரில்லாத போன். அந்த நேரத்திலும் வண்டி எடுத்த ஆட்டோ தம்பிகளுக்கும், வாடகை வாங்காமல் படுக்க இடம் தந்த மாநகராட்சி வீடற்றோர் காப்பகப் பணியாளர்களுக்கும் நன்றி.

ஆதார் மையத்து அக்காவுக்குத் தனி நன்றி. ரீசார்ஜ் செய்யாத பழைய சிம் எப்போதோ செத்திருக்கும். ஓடிபி வராது, அதனால் வங்கிக் கணக்கும் நகராது. முதலில் கைரேகை வைத்து மொபைல் எண்ணை மாற்ற வேண்டும். அதற்குச் சான்று எதுவும் தேவையில்லை. முகவரி மாற்றம் வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகுதான். இந்த வரிசையை அவர்தான் எங்களுக்குப் பழக்கினார்.

வீட்டு உரிமையாளர்களே, உங்களுக்குத்தான் பெரிய கடன். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது. அந்த ‘வேறு உடன்பாடு’ என்ற சந்தில்தான் பத்து மாத அட்வான்ஸ் நுழைகிறது. 5,000 ரூபாய் வாடகைக்கு 50,000 கேட்டால் சித்தாள் வேலைக்குப் போகிறவர் எங்கே போவார்? நீங்கள் 15,000 போதும் என்றீர்கள். அதிலும் 5,000 முன்னால், மீதி மாதம் ஆயிரமாக.

கமிஷனில் பாதியை விட்டுக்கொடுத்த புரோக்கர் அண்ணன்களுக்கும் நன்றி. ஆனால் “கேஸைப் பத்தி ஹவுஸ் ஓனர்கிட்ட வாயைத் திறக்காதீங்க” என்ற உங்கள் யோசனை மட்டும் வேண்டாம். குடியிருப்பவர் விவரம் காவல் நிலையத்துக்குப் போனாலோ, ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுவதை யாராவது பார்த்தாலோ விஷயம் தெரிந்துவிடும். அப்புறம் சாமான் தெருவில், அட்வான்ஸ் இழுபறியில். மறுப்பவர் முதல் நாளே மறுக்கட்டும்.

தனியாக வரும் பெண்களுக்கு வாடகை வீடு இன்னும் கடினம். அவர்களைச் சேர்த்துக்கொண்ட மகளிர் விடுதிக் காப்பாளர்களை மறக்க முடியாது.

கடைசியாகப் பாத்திரக்கடை அண்ணாச்சிக்கு. ஐந்து கிலோ கேஸ் சிலிண்டருக்கு முகவரிச் சான்று கேட்பதில்லை, அடையாள அட்டை இருந்தால் போதும் என்று சொன்னதே நீங்கள்தான். ஒரே ஒரு வேண்டுகோள்: தரும் குண்டான் எல்லாம் ஆறு பேருக்கு வடிக்கிற அளவு. தனி ஆளுக்கு ஒரு லிட்டர் பாத்திரம் போதும், அண்ணாச்சி.