உசிலம்பட்டி பங்க் சாவிக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

மதுரை ஆரப்பாளையத்திலிருந்து தேனி போகும் அரசுப் பேருந்தில் நான் கண்டக்டர். பித்தப்பையை எடுத்து இந்த வாரத்தோடு ஆறு மாதம் ஆகிறது. இப்போது முழு டூட்டி பார்க்கிறேன். அதற்குக் காரணமானவர்களுக்கு நேரில் நன்றி சொல்லப் போனால் பாதிப் பேர் "அட போங்கண்ணே" என்று நகர்ந்துவிடுகிறார்கள். அதனால்தான் இந்த மடல். பெயர் போடக் கூடாது என்று டிரைவர் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவருக்கு இல்லாத பெயர் மற்றவர்களுக்கு எதற்கு?

முதல் நன்றி என் மகளுக்கு. ராத்திரி புரோட்டா சால்னா சாப்பிட்ட நாளெல்லாம் வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகுப்பக்கம் தோள்பட்டை வரை இழுக்கும். இரண்டு வருடம் அதை வாயு என்றே நினைத்து சோடாவும் ஓமத்தண்ணீருமாக ஓட்டினேன். லீவு நாளில் என்னை ஏமாற்றி ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போனது அவள்தான். மிளகு அளவில் கற்கள், எடுத்த பிறகு எண்ணினால் 14. ஒரு உறுப்பை எடுத்துவிட்டு மனுஷன் எப்படி இருப்பான் என்று என் அம்மா அழுதபோது, "1882-லேயே பெர்லினில் எடுத்திருக்காங்க அப்பத்தா, நம்ம நாட்டில் துளை போட்டு எடுக்க ஆரம்பிச்சே 1990-லிருந்து இத்தனை வருஷமாச்சு" என்று சமாதானம் சொன்னதும் அவள்தான். அம்மாவுக்குப் பெர்லின் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனாலும் அழுகை நின்றது.

வார்டில் இருந்த அந்த நர்ஸ் அக்காவுக்கு. ஆபரேஷன் முடிந்த மறுநாள் வலது தோள் விண்விண் என்று தெறித்தது. வயிற்றில் நாலு துளை போட்டார்கள், தோள் ஏன் வலிக்க வேண்டும், இது மாரடைப்புதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அவர் நாடி, பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டு, வயிற்றை உப்ப வைக்க ஏற்றிய வாயு கொஞ்சம் மிச்சமிருந்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத்தை உறுத்துகிறது, அந்த வலி தோளில்தான் தெரியும் என்றார். கையைப் பிடித்து வராந்தாவில் நடக்க வைத்தார். இரண்டு நாளில் போய்விட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் சாப்பாட்டைப் பற்றி ஒரே வரி: "எண்ணெய் குறைக்கவும்." சாப்பிட்டுக் கை கழுவுமுன் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன் என்பதுதான் என் வருத்தம். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, பலர் மறுவாரமே சாதாரணமாகச் சாப்பிடுகிறார்கள். எனக்கு ஆனது. காலையில் மட்டும் நாலு தடவை, தண்ணீராக, மஞ்சளாக. கூச்சத்தில் மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை.

அந்தக் கூச்சத்தை உடைத்தவர் பரிசோதனைக்குப் போனபோது இருந்த இளம் டாக்டரம்மா. என் வேலையைக் கேட்டுக்கொண்டு என் பாஷையிலேயே சொன்னார். "பித்தநீர் சுரக்கிறது கல்லீரலில், பித்தப்பையில் இல்லை. பித்தப்பை உங்க டிப்போ மாதிரி. சாதாரண நாளில் ரூட் பஸ் போதும். சித்திரைத் திருவிழாக் கூட்டம் வந்தா டிப்போவிலிருந்து ஸ்பெஷல் பஸ் விடுவீங்கள்ல? கொழுப்பான சாப்பாடு வந்தா பித்தப்பை சுருங்கி மொத்தமா விடும். இப்ப டிப்போ இல்லை, ரூட் பஸ் மட்டும் நாள் முழுக்க ஓடிட்டே இருக்கும். அதனால கூட்டத்தைப் பிரிச்சு ஏத்துங்க." சிறுகுடலில் திரும்ப உடம்போடு சேராத பித்தநீர் பெருங்குடலுக்குப் போனால் அது தண்ணீரை இழுக்கும், அதனால்தான் இந்த அவசரம் என்றார். அந்தப் பித்தநீரைப் பிடித்துவைத்துக்கொள்ள கொலஸ்டைரமின் என்று ஒரு பொடி எழுதிக் கொடுத்தார். தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். மற்ற மருந்துகளையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் பிரஷர் மாத்திரையை அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போடச் சொன்னார். பத்து நாளில் நாலு தடவை ஒன்றரையாகக் குறைந்தது. (ஒன்றரை எப்படி என்று கேட்காதீர்கள்.) கண் மஞ்சளானாலோ, குளிர்க்காய்ச்சலோடு வயிறு வலித்தாலோ மட்டும் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் ஓடி வரச் சொன்னார்.

உணவு ஆலோசகர் அம்மாவுக்கு நன்றி சொல்வதா, அவர் திட்டியதற்குப் பதில் சொல்வதா என்று தெரியவில்லை. பயத்தில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் இரண்டு மாதம் கஞ்சியும் ரசமுமாக இருந்து 6 கிலோ இளைத்துப் போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். "யார் உங்களை இப்படிப் பட்டினி கிடக்கச் சொன்னது? ஏ, டி, இ, கே விட்டமின் எல்லாம் கொழுப்போடதான் உடம்பில் சேரும்" என்று பிடித்தார். நாளைக்கு மூன்று, நாலு டீஸ்பூன் எண்ணெய், அதையும் வேளைக்குக் கொஞ்சமாகப் பிரித்து. மூன்று வேளையை ஐந்தாக்கினார். தோல் இல்லாத கோழி, குழம்பு மீன், முட்டை, கடைந்த மோர். ஓட்ஸும் பழுத்த வாழைப்பழமும் வயிற்றைக் கட்டும், ஆனால் நார்ச்சத்தை ஒரே நாளில் ஏற்றினால் வயிறு ஊதிவிடும், வாரா வாரம் கூட்டுங்கள் என்றார். புதிதாக எதைச் சேர்த்தாலும் லீவு நாளில்தான். டூட்டி நாளில் பரீட்சை வேண்டாம் என்று அவர் சொன்னது பொன்னான பேச்சு. தேங்காய்ச் சட்னி அப்படித்தான் மூன்றாம் மாதம் திரும்பி வந்தது. வெறும் வயிற்றில் காபி இன்னும் வரவில்லை.

என் மனைவிக்கு இங்கே நன்றி எழுதினால் சிரிப்பாள். ஆறு மாதமாக வீட்டில் வடைச்சட்டி அடுப்பேறவில்லை, தீபாவளிக்கும். அவளுக்கு அதிரசம் எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

இனி ரூட்டுக்கு வருகிறேன். கண்டக்டருக்கு நினைத்த இடத்தில் இறங்க முடியாது. டூட்டியில் சேர்ந்த முதல் வாரம், செக்கானூரணி தாண்டியதும் வயிறு முறுக்கியது. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. உசிலம்பட்டி பெட்ரோல் பங்க் முன்னால் ஓரம் கட்டி, இறங்கி டயரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். பயணிகள் டயரைப் பார்த்தார்கள், என்னை யாரும் பார்க்கவில்லை. அந்த மாதம் மட்டும் அந்த டயரை எத்தனை தடவை தட்டினாரோ! ஆண்டிபட்டி கணவாயில் இறங்க இடமே கிடையாது என்பது அவருக்குத் தெரியும், அதனால் அதற்கு முன்பே தட்டிவிடுவார். தாமதத்துக்குக் காரணம் கேட்டு எழுதாத டைம் கீப்பர் சாருக்கும் என் வணக்கம்.

பஸ் ஸ்டாண்டு எதிரே இட்லிக் கடை போட்டிருக்கும் அக்கா, நான் சொல்லாமலேயே என் இலையில் இரண்டு இட்லி, தாளிக்காத சாம்பார் என்று மாற்றிவிட்டார். மூன்றாவது இட்லி கேட்டால், "அடுத்த டிரிப்புல வந்து வாங்கிக்க தம்பி" என்பார். ஐந்து வேளைக் கணக்கை அவரிடம் யார் சொன்னார்களோ.

பங்க் தம்பிக்குக் கடைசியாக. ஒவ்வொரு முறையும் கழிப்பறைச் சாவிக்கு நான் வரிசையில் நிற்பதைப் பார்த்து, மாற்றுச்சாவி ஒன்று செய்து என் கையில் கொடுத்தான். காசு வாங்கவில்லை. தம்பி, அந்தச் சாவி இன்னும் என் தோல்பையில் சில்லறையோடு கிடக்கிறது. ஒரு மாதமாகத் தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்கால டிரிப்பில் கொண்டுவந்து தருகிறேன். இல்லை, இன்னும் ஒரு மாதம் இருக்கட்டுமா?