காலை 9 மணிக்குப் போய் உட்கார ஓர் இடம்: படிப்பகக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், சென்னையிலும் பெங்களூரிலும் கடல் தாண்டியும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

சிங்காநல்லூர், உப்பிலிபாளையம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மில் சங்கைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடிகாரம் இல்லாத வீட்டிலும் சங்கு ஊதினால் அடுப்பு பற்றும், ஷிப்டுக்குச் சைக்கிள்கள் கிளம்பும். 1930களில் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் கோவையில் வரிசையாக எழுந்த பஞ்சாலைகளில் பல, நம் கண்ணெதிரேதான் அடங்கின. 2020 மார்ச் ஊரடங்கில் நின்ற சில ஆலைகள் பழையபடி ஓடவே இல்லை. அங்கே நூற்பு மெஷின் பார்க்கும் சைடராகவும் ஃபிட்டராகவும் இருந்தவர்கள் இன்றும் நம் தெருவில்தான் குடியிருக்கிறார்கள். பட்டறையும் கம்பெனியும் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவர்கள், இன்ஜினியரிங் முடித்து மூன்று வருடமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் என்று வேறு பலரும் இருக்கிறார்கள்.

போன ஆடி மாதம்தான் எங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. 49 வயதுக்காரர், குழுவில் ஒருவருக்குச் சம்பந்தி முறை. வேலை போய் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. தினமும் காலை ஏழேகாலுக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய்க் குளக்கரையில் உட்கார்ந்திருப்பார். மத்தியானம் அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாய வீடு திரும்புவார். மனைவிக்கு எல்லாம் தெரியும். அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடக் கூடாதென்று அந்த அம்மாவேதான் பதினான்கு மாதமும் டிபன் கட்டிக் கொடுத்திருக்கிறார். பெயர் மட்டும் வேண்டாம், விஷயத்தை எழுதுங்கள் என்று இரண்டு பேரும் சொன்னதால் எழுதுகிறோம்.

அன்று இரவு குழுவில் யாருக்கும் பேச்சு வரவில்லை. நம் படிப்பகம் இருப்பது அந்தக் குளக்கரையிலிருந்து பத்து நிமிட நடை. அங்கே பேப்பர் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது. அவர் ஏன் இங்கே வரவில்லை? வந்தால் “என்னங்க, இன்னைக்கு லீவுங்களா?” என்று நாம்தான் கேட்டிருப்போம்.

குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒரு பழைய ஆய்வைப் பற்றிச் சொன்னார். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மாரியன்டால் என்று ஓர் ஊர். ஊரே நம்பியிருந்த துணி ஆலை மூடப்பட்டுவிட்டது. 1931 கடைசியில் மாரி யஹோதா என்ற பெண்ணும் அவருடைய சக ஆய்வாளர்களும் அங்கே போய்ப் பார்த்திருக்கிறார்கள். வேலை இல்லாததால் எல்லாருக்கும் நேரம் நிறைய இருந்தது. ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பது கூடவில்லை, குறைந்துபோயிருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே குறைந்து, வழியில் நின்று நின்று போனார்களாம். நம் படிப்பகத்தின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தோம். வேலையில் இருந்தபோது ஞாயிறுதோறும் கையெழுத்துப் போட்ட சிலர், வேலை போன மாதத்திலிருந்து வரவே இல்லை.

சம்பளம் நின்றால் வரும் கஷ்டம் எல்லாருக்கும் தெரியும். நகை அடகுக்குப் போகும், சீட்டுப் பணம் தவறும், மொய் எழுத முடியாதென்று கல்யாணத்துக்குப் போவதை நிறுத்திவிடுவார்கள். போகாமல் போகாமல் உறவும் விட்டுப்போகும். அதற்கும் மேல் ஒன்று உண்டு. காலையில் எழுந்தால் போவதற்கு ஓர் இடம் இல்லை. நாம் கட்ட நினைப்பது அந்த இடத்தைத்தான்.

படிப்பகத்தின் பின்பக்கம் பூட்டிக் கிடக்கும் அறையை வாடகைக்கு எடுத்து, திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 5 வரை திறந்து வைக்கப்போகிறோம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், பெரிய மேசை ஒன்று. பயோடேட்டா அடிப்பதற்கும் விண்ணப்பம் போடுவதற்கும் காசு கிடையாது. இன்டர்வியூவுக்குப் போக பஸ் காசு கொடுப்போம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் திருப்பூருக்கோ ஈரோட்டுக்கோ ஒரு வேலையைப் பார்த்துவிட்டு வருவதென்றால் யாருக்கும் கையில் பணம் வேண்டும். அதைக் கைநீட்டிக் கேட்கக் கூச்சப்பட்டே போகாமல் இருந்தவர்கள் உண்டு.

காகித வேலைக்குத்தான் நிறைய உதவி தேவைப்படும் என்று நினைக்கிறோம். ஆட்குறைப்பில் வெளியே அனுப்பினால், முடித்த ஒவ்வொரு வருட சேவைக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகக் கொடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. ஆலை மூடியதாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்த இ.எஸ்.ஐ. உறுப்பினர்களுக்கு, தகுதி இருந்தால், சம்பளத்தில் ஒரு பகுதியை 24 மாதம் வரை தரும் திட்டம் 2005 முதல் இருக்கிறது. ஆதாரில் ஒரு இனிஷியல், பி.எஃப். கணக்கில் வேறொரு இனிஷியல் என்பதால் சொந்தப் பணத்துக்கே மாதக்கணக்கில் அலைந்தவரை எங்களுக்குத் தெரியும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்து சீனியாரிட்டியை விட்டவர்களும் உண்டு. இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து செய்துகொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளையும் வேலை இல்லாமல் இருப்பவர்களிலிருந்தே எடுத்து, மாதம் 8,000 ரூபாய் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம்.

சனிக்கிழமை சாயங்காலம், வேலை இல்லாதவர்களின் வீட்டில் உள்ளவர்களுக்கானது. தையல் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துக் குடும்பத்தை இழுக்கும் பெண்களும், மகனிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று திணறும் அப்பாக்களும் அவர்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு மணி நேரம். ஒரு தாய் எங்களிடம் சொன்னது: “தினமும் என்னாச்சு கண்ணு, என்னாச்சு கண்ணுன்னு கேட்டேனுங்க. பையன் நான் தூங்கினதுக்கப்புறம்தான் வீட்டுக்கே வர ஆரம்பிச்சுட்டான். இப்ப கேக்கறதில்லீங்க. சாப்பிட வான்னு மட்டும் கூப்பிடறேன். உக்காந்து சாப்பிடறான், அவனாவே பேசறான்.” தூக்கம் கெட்டு, வாழ்வே வெறுத்துப் பேசுகிறவர் வீட்டில் இருந்தால் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.

கணக்கு இது. அறை வாடகை மாதம் 6,000, வருடத்துக்கு 72,000. பொறுப்பாளர் சம்பளம் 96,000. கரண்ட்டும் இன்டர்நெட்டும் 18,000. பஸ் காசு நிதி 60,000. கூரை ஒழுகுவதைச் சரிசெய்து வயரிங் மாற்ற 40,000, பழைய கம்ப்யூட்டர் இரண்டும் பிரிண்டரும் 55,000, மேசை நாற்காலி 30,000. மொத்தம் 3,71,000 ரூபாய். குழுவினர் பதினொரு பேரும் கைக்காசு போட்டு, தெருவில் கேட்டு, இதுவரை 1,12,500 சேர்த்திருக்கிறோம். இன்னும் 2,58,500 வேண்டும்.

நூறு ரூபாயானாலும் ரசீது உண்டு, அதில் குழுவினர் இருவர் கையெழுத்து இருக்கும். 80ஜி வரிச்சலுகை எங்களுக்கு இல்லை, முன்பே சொல்லிவிடுகிறோம். வரவு செலவு மாதம் முதல் தேதி படிப்பக வாசல் பலகையில் ஒட்டப்படும். ஓடுகிற லேப்டாப், நல்ல நாற்காலி இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. விவரம் தெரிந்தவர்கள், கம்பெனிகளில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் மாதம் ஒரு நாள் வந்து உட்கார்ந்தால் அதைப் பணத்துக்கும் மேலாக மதிப்போம். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்கள் மூலம் கொடுத்தனுப்பலாம். ஞாயிறு காலை 10 முதல் 1 மணி வரை ரசீது புத்தகத்தோடு படிப்பகத்தில் இருப்போம்.

இன்னொன்றும் கேட்கிறோம். அந்த அறைக்குப் போகிறவரை வழியில் பார்த்தால் “இன்னும் கிடைக்கலீங்களா?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

திறப்பு விழா, மேடை, சால்வை எதுவும் வைக்கவில்லை. தை மாதம் முதல் திங்கட்கிழமை காலை 9 மணிக்குக் கதவு திறக்கும். உள்ளே வருகிறவர் பெயரை எழுதச் சொல்ல மாட்டோம். டிபன் பாக்ஸ் வைக்க ஒரு அலமாரி போட்டிருப்போம்.

இப்படிக்கு,
படிப்பகக் குழுவினர்