லைராவுக்கு வயசாகக் கூடாதா?

ஆக்ஸ்போர்டு,
16.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீயும் மாமாவும் பாப்பாவும், அப்பா அம்மாவும் நலம்தானே? மழை எப்படி? சத்துவாச்சாரியில் நம்ம தெருமுனையில் தண்ணீர் தேங்காமல் இருந்தால் சரி. அப்பாவை முட்டிக்குத் தைலம் தேய்க்கச் சொல், கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்.

“புக் எப்படிடா இருக்கு?” என்று வாட்ஸ்அப்பில் ஒரே வரி கேட்டுவிட்டுப் போய்விட்டாய். ஆறு வருஷம் காத்திருந்த புத்தகத்துக்கு ஒரு வரியில் என்ன பதில் சொல்ல? இன்று ஞாயிறு, டியூட்டி இல்லை. நாலு மணிக்கெல்லாம் விளக்கைப் போட்டாகிவிட்டது. போன மாதக் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார்கள்; அதிலிருந்து மத்தியானச் சாப்பாடு செரிப்பதற்குள் ராத்திரி வந்துவிடுகிறது. அதனால் நிதானமாகவே எழுதுகிறேன். கதையின் முடிவை மட்டும் சொல்ல மாட்டேன், பயப்படாமல் படி.

அக்டோபர் 23, தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், பிலிப் புல்மனின் லைரா கதையில் ஆறாவது புத்தகமான ‘தி ரோஸ் ஃபீல்ட்’ வெளிவந்தது. நைட் டியூட்டி முடிந்து, தூக்கக் கலக்கத்தோடு நேரே பிராட் தெரு பிளாக்வெல்ஸ் கடைக்குப் போனேன். 1879-ல் ஆரம்பித்த கடை. வாசல் சின்னதுதான், உள்ளே படியிறங்கினால் தரைக்கடியில் பெரிய கூடம், சுற்றிலும் புத்தகம். எனக்கு முன்னால் தலை நரைத்த ஓர் அம்மாவும் அவர் மகளும் நின்றார்கள். ஆளுக்கொரு பிரதி எடுத்திருந்தார்கள். ஒரே வீட்டுக்கு எதற்கு இரண்டு என்று பில் போடுகிற பையன் சிரித்தான். “இவள் முடிக்கிறவரைக்கும் என்னால் உட்கார்ந்திருக்க முடியாதப்பா” என்றார் அந்த அம்மா. நம்ம வீட்டில் அந்த வசதி ஏது? நீ சென்னை புத்தகக் காட்சியில் வாங்கி வந்த முதல் புத்தகத்தை அக்னி நட்சத்திரத்தில், கரண்ட் போன ராத்திரியில், மொட்டை மாடியில் டார்ச் அடித்துப் படித்தோம். உடம்பெல்லாம் வேர்வை வழிய பனிக்கரடிச் சண்டை. பக்கத்தைத் திருப்புகிற உரிமை உன்னிடம்தான் இருந்தது, அதையும் மறக்கவில்லை.

எங்கள் வார்டில் இதைப் படிக்கிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். முடித்தவர்கள், முடிக்காதவர்கள் எதிரில் வாயைத் திறக்கக் கூடாது என்று வார்டு சிஸ்டர் சட்டம் போட்டிருக்கிறார். அவர்தான் முதலில் முடித்தவர். முடித்த அன்று டீ ரூமில் உட்கார்ந்து, கோப்பையைத் தொடாமல், “என் லைரா எங்கே போனாள்?” என்றார். 1995-ல் முதல் புத்தகம் வந்தபோது அவருக்குப் பத்து வயது இருக்கும். கூரை மேல் ஏறி, பொய் சொல்லி, பெரியவர்களை ஏய்த்துத் திரிந்த அந்தப் பெண்தான் அவருக்கு லைரா. 2019 புத்தகத்திலேயே அவளுக்கு 20 வயது. காலேஜ் படிக்கிறாள், சிரிப்பதில்லை, தன் உயிரில் பாதியாக மிருக உருவத்தில் கூடவே திரிகிற பான்டலைமோனோடு, அதாவது பானோடு, பேச்சுவார்த்தையே இல்லை. “இவளை யார் கேட்டார்கள்?” என்பது சிஸ்டர் கட்சி.

மால்கம் விஷயத்திலும் அவருக்குக் கோபம், அதில் நானும் அவர் பக்கம்தான். 2017 புத்தகத்தில் பதினோரு வயதுப் பையன் வெள்ளத்தில் படகில் வைத்துக் காப்பாற்றிய கைக்குழந்தை அவள். அடுத்த புத்தகத்தில் அவன் முப்பது தாண்டிய வாத்தியாராகி, அவள் மேல் மனசு போகிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? இந்தப் புத்தகத்தில் அது எங்கே போய் நிற்கிறது என்பதை நீயே பார்த்துக்கொள்.

அந்த வெள்ளக் கதை நடக்கிற இடத்துக்குப் போன மாதம் நடந்தே போனேன். காட்ஸ்டோ என்கிற ஊரில் ஆற்றோரம் ட்ரௌட் என்று ஒரு பழைய விடுதி. மால்கமின் வீடு அதுதான், கதையில் வருகிற அதே பெயரில் இன்றும் நடக்கிறது. எதிர்க்கரையில் பாழடைந்த கன்னிமாடத்தின் சுவர் நிற்கிறது. குளிர்காலத்தில் பக்கத்துப் புல்வெளி முழுக்கத் தண்ணீர் ஏறிவிடுமாம். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டபோது நீ பாலத்தின் மேல் நின்று வீடியோ அனுப்பினாயே, “இந்த ஆத்துல இவ்வளவு தண்ணியாடா!” என்று கத்தியபடி? நான் அந்த நாவலை இரண்டாம் தடவை படித்தபோது தேம்ஸுக்குப் பதில் அந்த வீடியோதான் கண்ணில் ஓடியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற பையன் ஒருவன், காலேஜ் படித்துக்கொண்டே பகுதி நேரம் வருகிறவன், அவன் குறை வேறு. 600 பக்கத்துக்கு மேல் எழுதியும் போட்ட முடிச்சில் பாதியை அவிழ்க்காமல் கிழவர் கடையைக் கட்டிவிட்டார் என்கிறான். புல்மனுக்கு இப்போது 79 வயது. அவன் பேசுவதைக் கேட்டால் ஏதோ கூலி வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டுப்போன கொத்தனாரைத் திட்டுவதாகத் தோன்றும். ஆனால் அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கடைசி நூறு பக்கம் ஓட்டமாக ஓடுகிறது. ஆசியா முழுக்க நிதானமாக நடந்து வந்த கதைக்கு அந்த அவசரம் ஒட்டவில்லை.

கோட்டயத்துச் சேச்சி ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஒரு குறையும் இல்லை. பான் லைராவைப் பிரிந்து ஊர் ஊராக நடக்கிற இடங்களில் அழுதுகொண்டே படித்ததாகச் சொன்னார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் ஊரில் பாட்டியிடம் வளர்கிறார்கள்.

போன வாரம் தாவரவியல் தோட்டத்துக்கும் போனேன். 1621-ல் தொடங்கியது. உள்ளே கடைசிவரை நடந்தால் அந்தப் பெஞ்ச் வரும். 2000-ல் வந்த மூன்றாம் புத்தகத்தின் முடிவில், லைரா ஓர் உலகத்திலும் அவள் நேசித்த பையன் வில் ஓர் உலகத்திலுமாக, வருஷத்தில் ஒருநாள் நடுமதியம் ஒரு மணி நேரம் உட்காருவோம் என்று சத்தியம் செய்த அதே பெஞ்ச். மரமெல்லாம் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள். பின்னால் பானும், வில்லின் பாதியான கிர்ஜாவாவும் சேர்ந்த உலோகச் சிற்பம் ஒன்றை 2019-ல் வைத்தார்களாம். நான் போனபோது ஒரு பையனும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் புதுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்தாள். அவன் முடித்தவன் போல. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மூடிவைத்து, அட்டையைத் திருப்பிப் பார்த்து, “இவ்வளவுதானா?” என்றாள். அவன் சிரித்த சிரிப்பில் ஒரு புறா பறந்துவிட்டது.

இதை அப்பாவிடம் சொல், ரசிப்பார். ‘பொன்னியின் செல்வன்’ 1950-லிருந்து 1954 வரை கல்கியில் வாராவாரம் வந்து முடிந்தபோதும் இதே கூத்துதானே? தாத்தா பைண்டு பண்ணி வைத்த, மணியம் படம் போட்ட அந்தத் தொகுப்பின் கடைசியில் முடிவுரை இருக்கிறது, எடுத்துப் பார்க்கச் சொல். திடீரென்று முடித்துவிட்டீர்களே, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் துளைத்ததற்கு கல்கி உட்கார்ந்து பதில் எழுதியிருப்பார். பிறகு விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்று கதையைத் தொடர்ந்தார். அப்பாவுக்கு அது பிடிக்காமல் போனதற்கு ஒரு சாக்கு இருந்தது: எழுதினவர் வேறு. இங்கே பழைய மூன்றையும் புது மூன்றையும் எழுதியவர் ஒரே ஆள். அதனால்தான் சிஸ்டருக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

எனக்கு என்னமோ சிஸ்டர் தேடுவது லைராவை இல்லை என்றுதான் படுகிறது. 30 வருஷத்தில் லைராவுக்கு எட்டொன்பது வயதுதான் கூடியிருக்கிறது. அதற்கே இவ்வளவு கோபம்! பொய்யும் துடுக்குமாக இருந்த பெண் இருபதில் சோர்ந்துபோய், தன்னில் பாதி கூட இல்லாமல், பாஷை தெரியாத ஊர்களில் ரயில் மாறிப் போகிறாள். பார்க்கிறவர்கள் எல்லாம் இவளிடம் ஏதோ குறைகிறது என்று விலகிப்போகிறார்கள். ஊரில் இருந்தபோது இந்தப் பகுதியை நானும் இழுவை என்றுதான் சொன்னேன். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், நாள் முழுக்க இங்கிலீஷில் “ஸாரி”, “தேங்க் யூ” சொல்லிவிட்டு, கௌலி ரோட்டு அறையில் வந்து படுத்துக்கொண்டு அதையே மறுபடி எடுத்தேன். ஒரு வரி இழுக்கவில்லை.

அவளும் பானும் எப்போது சேருவார்கள் என்றுதான் நானும் புரட்டினேன். குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி, கெங்கையம்மன் சிரசு ஊர்வலமாக வந்து உடலில் பொருந்துகிற நேரத்துக்கு அவ்வளவு கூட்டமும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி. சேர்ந்தார்களா இல்லையா, சேர்ந்தது மனசுக்கு நிறைந்ததா என்பதில்தான் எங்கள் டீ ரூம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நான் எந்தப் பக்கம் என்று இப்போது சொன்னால் நீ அதையே பிடித்துக்கொண்டு படிப்பாய்.

வாலாஜாக்காரர் ஒருவர் இங்கே ஃபார்மசியில் இருக்கிறார், டிசம்பரில் ஊருக்கு வருகிறார். என் பிரதியை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருப்பேன், கண்டுகொள்ளாதே. திரும்பும்போது அவரிடம் மக்கன் பேடா கொடுத்துவிடாதே, போன தடவை யாரோ அனுப்பிய ஜீரா அவர் சட்டையெல்லாம் ஒழுகியதாம். இட்லிப் பொடி போதும். இன்னொன்று, 2019 புத்தகத்தை உன் ஸ்கூலில் யாரோ டீச்சருக்கு இரவல் கொடுத்தாயே, முதலில் அதைத் திருப்பி வாங்கி வை. அது இல்லாமல் இதைத் திறந்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது.

உன் அன்புத் தம்பி