ஸ்டுடியோக்களின் பலம் தியேட்டரில் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாலிவுட்டின் பொற்காலம் பற்றித் தாங்கள் வெளியிட்டுவரும் தொடரை ஒரு வாரம்கூட விடாமல் படித்துவருகிறேன். சென்ற இதழில் எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் பிரம்மாண்டத்தைக் கட்டுரையாளர் கண்முன் நிறுத்தியிருந்தார். ஆனால் கடைசிப் பத்தியில், தொலைக்காட்சி வந்தது, ஸ்டுடியோக்கள் சரிந்தன என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நான் பல ஆண்டுகள் ஒரு பட விநியோக அலுவலகத்தில் கணக்கெழுதியவன். படப்பெட்டி எந்தத் தியேட்டருக்கு முதலில் போகிறது என்பதைப் பொறுத்தே வசூல் அமையும் என்பதை அங்கே உட்கார்ந்து நாள்தோறும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

எம்.ஜி.எம். பிறந்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலகர்த்தா மார்கஸ் லோ ஒரு தியேட்டர்காரர். தம் அரங்குகளுக்குப் படம் தட்டில்லாமல் கிடைக்க வேண்டும் என்றுதான் 1920-இல் மெட்ரோ நிறுவனத்தை வாங்கினார். 1924-இல் கோல்ட்வின் நிறுவனத்தையும் லூயிஸ் பி. மேயரின் நிறுவனத்தையும் அதோடு சேர்த்தார். எம்.ஜி.எம்.-இன் சின்னமான சிங்கம் கர்ஜித்தது ஸ்டுடியோ இருந்த கல்வர் சிட்டியில் என்றாலும், பணப்பெட்டியின் சாவி நியூயார்க்கில் இருந்த லோ நிறுவனத்திடம்தான் இருந்தது. ஸ்டுடியோவை நடத்திய, அத்தனை அதிகாரம் படைத்த மேயரும் பின்னாளில் லோ நிறுவனத் தலைவராக அங்கிருந்த நிக்கலஸ் ஷெங்க்குக்குப் பதில் சொல்ல வேண்டியவராகவே இருந்தார். வார்னர் சகோதரர்களோ படத்தயாரிப்பில் காலூன்றிய பிறகே பெரிய தியேட்டர் தொடரைக் கைப்பற்றியவர்கள். பேசும்படம் கைகொடுத்ததும் 1928-இல் ஸ்டான்லி தியேட்டர் நிறுவனத்தை வாங்கினார்கள்.

இப்படிப் படம் எடுப்பது, விநியோகிப்பது, திரையிடுவது ஆகிய மூன்றையும் ஒரே கையில் வைத்திருந்தவை ஐந்து: பாரமவுண்ட், எம்.ஜி.எம்., வார்னர், ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், ஆர்.கே.ஓ. கட்டுரையாளர் இவற்றோடு சேர்த்தெழுதிய யுனிவர்சலுக்கும் கொலம்பியாவுக்கும் இப்படித் தியேட்டர் தொடர் கிடையாது. அந்த ஒரு வித்தியாசம்தான் அவற்றைக் காலமெல்லாம் இரண்டாம் வரிசையில் உட்கார வைத்தது.

1945-ஆம் ஆண்டுக்கான கணக்கு, இந்த ஸ்டுடியோக்கள்மீது அமெரிக்க அரசு தொடர்ந்த வழக்கின் தீர்ப்பிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் 18,076 தியேட்டர்களில் 3,137-இல்தான் இந்த ஐவருக்கும் பங்கு இருந்தது. அதாவது 17 சதவீதத்துக்குச் சற்று மேல். மேலோட்டமாகப் பார்த்தால், இதுவா ஏகபோகம் என்று தோன்றும். ஆனால் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 92 நகரங்களில், முதல் வெளியீட்டுத் தியேட்டர்களில் குறைந்தது 70 சதவீதம் இவர்களைச் சேர்ந்தவை. வழக்கில் சிக்கிய எட்டு நிறுவனங்களுக்கும் உள்நாட்டில் கிடைத்த பட வாடகையில் 45 சதவீதம் அந்த 3,137 தியேட்டர்களிலிருந்தே வந்தது. இந்த எண்களை முதன்முதலில் படித்தபோது, என் பழைய கணக்குப் புத்தகத்தையே யாரோ திறந்து காட்டியதுபோல் இருந்தது.

மிச்சமிருந்த தனித் தியேட்டர்காரர்களின் பாடு இன்னும் மோசம். பெரிய நட்சத்திரம் நடித்த ஒரு படம் வேண்டுமென்றால் அதோடு ஒரு கட்டுப் படங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றில் பல அப்போது எடுக்கப்பட்டிருக்கவே மாட்டா. முதல் வெளியீட்டுக்குப் பின் அவர் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், டிக்கெட்டுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வாங்க வேண்டும் என்பதையும் ஸ்டுடியோவே முடிவு செய்தது. ஓடாத படமும் எப்படியோ விலைபோய்விடும் என்ற தைரியத்தில்தான் வாரத்துக்கு ஒரு படம் என்ற கணக்கில் அந்த ஆலைகள் ஓடின.

ஆலை நிற்காமல் ஓட ஆள் வேண்டுமே. நடிகர்களின் ஏழாண்டு ஒப்பந்தத்தைக் கட்டுரை பெருமையாகச் சொல்கிறது. அந்த ஒப்பந்தம் நடிகரை ஏழு ஆண்டு கட்டிப்போட்டது. ஸ்டுடியோவோ குறிப்பிட்ட தவணைக்கு ஒருமுறை, வேண்டாம் என்று நினைத்தால் அவரை அனுப்பிவிடலாம். கொடுத்த வேடத்தை மறுத்தால் சம்பளம் நிறுத்தப்படும். அப்படி நின்ற நாட்களையும் ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்த்துவிடுவார்கள். வேறு ஸ்டுடியோவுக்கு இரவல் கொடுத்தால் கூடுதலாக வரும் தொகை நடிகருக்கல்ல, முதலாளிக்கே. 1936-இல் வார்னர் நிறுவனத்தின் ஒப்பந்த நடிகை பெட்டி டேவிஸ் இங்கிலாந்துக்குப் போய்ப் படத்தில் நடிக்க முயன்றார். வார்னர் நிறுவனம் லண்டனில் வழக்குப் போட்டு வென்றது. அவர் திரும்பி வந்தார். ஏழு ஆண்டுகள் முடிந்தும் விடுதலை கிடைக்காத நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் 1943-இல் அதே நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். ஏழாண்டு என்றால் காலண்டரில் ஏழாண்டுதான் என்று 1944 டிசம்பரில் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வழக்கு நடந்த காலமெல்லாம் எந்த ஸ்டுடியோவும் அவருக்கு வேலை தரவில்லை. அந்தப் பெண்மணியின் பெயர் உங்கள் தொடரில் ஒரு படத்தின் நடிகர் பட்டியலில் மட்டும் வந்திருப்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

இனி அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். அமெரிக்க அரசு பாரமவுண்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள்மீது வழக்குத் தொடர்ந்தது 1938-இல். உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948 மே 3 அன்று. கட்டாகப் படம் விற்பது சட்டவிரோதம் என்றானது. அதன் தொடர்ச்சியாகத் தியேட்டர்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டிய நிலையும் வந்தது. அந்த ஆண்டு அமெரிக்காவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகள் மிகச் சொற்பம். கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் வசம் போயிருந்த ஆர்.கே.ஓ. முதலில் பணிந்தது, பாரமவுண்ட் பின்தொடர்ந்தது. லோ நிறுவனம் 1950-களின் இறுதிவரை இழுத்தடித்தது. தொலைக்காட்சியும் அடித்தது உண்மைதான். ஆனால் அது அடித்தபோது அந்தக் கட்டடத்தின் அஸ்திவாரம் ஏற்கெனவே தோண்டப்பட்டிருந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தியேட்டர் கைவிட்டுப் போனதும் ஆண்டு முழுக்க ஆள் வைத்திருக்கும் அவசியம் ஸ்டுடியோக்களுக்கு இல்லாமல் போயிற்று. தச்சர், தையற்காரர், வாத்தியக்காரர் என்று வாரச் சம்பளம் வாங்கியவர்கள் படத்துக்குப் படம் வேலை தேடும்படி ஆனது. தீர்ப்பு நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

டி ஹாவிலண்ட் 104 வயதில் 2020 ஜூலையில் காலமானார். அடுத்த மாதமே பாரமவுண்ட் வழக்கின் பழைய கட்டுப்பாடுகளை நியூயார்க் நீதிமன்றம் ஒன்று விலக்கிக்கொண்டது. தொடரின் அடுத்த பகுதி ஆஸ்கர் விருதுகளைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதை ஒரு வாரம் தள்ளிவைத்து, இந்த வழக்கைப் பற்றியும் அந்தத் தனித் தியேட்டர்காரர்களைப் பற்றியும் ஒரு பகுதி எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகர்